பெரியவருக்கு இருமல்

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் வீட்டுக்காரியும் குட்டியும் சுகம். பெரியவருக்கு மட்டும் இருமல். காலையில் சாவியைத் திருப்பினால் நாலு தடவை கமறி, ஒரு தடவை தும்மி, அப்புறம்தான் எழுந்திருக்கிறார். இத்துனூண்டு காருக்குப் பெரியவர் என்று பெயர் வைத்தவள் நீ, வைத்தியமும் நீயே சொல். உன் முட்டிவலி எப்படி? ஆபீஸ் லிப்டைச் சரி செய்தார்களா, இன்னும் மூன்று மாடியும் படியேறித்தான் போகிறாயா?

பெட்ரோல் மறுபடி ஏறிவிட்டது. சவாரி போக வேண்டிய நேரத்தில் பங்க் வாசலில் வரிசையில் நிற்கிறேன். ரயிலடியில் இறங்குகிறவர்கள் வாடகையைக் கேட்டதும் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டுகிறார்கள். நேற்று ஒரு பெரிய மனிதர், "ஏம்ப்பா, வாடகை கேக்கறியா, வண்டியையே விலை சொல்றியா?" என்றார். டாக்ஸி ஸ்டாண்டே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன், வேறென்ன செய்வது.

அதனால் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். கடைத்தெரு ஷோரூமில் புதிதாக ஒரு நீளக் கார் வந்திருக்கிறது. எட்டுப் பேர் காலை நீட்டி உட்காரலாம். ஸ்டாண்டில் அதற்கு யானை என்று பெயர் விழுந்துவிட்டது. ஒரே நடையில் எட்டுப் பேரை ஏற்றினால் பெட்ரோல் செலவும் எட்டாகப் பிரிந்துவிடும், இல்லையா? பெரியவரைக் கழித்துக்கொண்டு மீதியைத் தவணையில் கட்டச் சொல்கிறார்கள். ஆனால் அப்பா போகிறபோது காரை நம் இரண்டு பேர் பெயரிலும் எழுதிவிட்டாரே, "ஒருத்தருக்குக் கோவம் வந்தா இன்னொருத்தர் தடுக்கணும்" என்று. உன் கையெழுத்து இல்லாமல் பெரியவர் கைமாற மாட்டார். படிவம் இதோடு இருக்கிறது. போட்டு அனுப்பு.

இன்னொன்று. எரிபொருள் அமைச்சகத்தில் டைப் அடிக்கிற அக்கா எத்தனை டிரைவருக்குக் கிடைப்பாள்? பெட்ரோல் இன்னும் ஏறுமா, இத்தோடு நிற்குமா? ஒரே ஒரு வரி எழுதினால் போதும்.

அத்தைக்கு முத்தம் அனுப்பச் சொல்லிக் குட்டி இந்தத் தாளையே நக்கி வைத்திருக்கிறாள். மை கலைந்திருந்தால் அதுதான் காரணம்.

உன் தம்பி

*

ஜனவரி 30

தம்பிக்கு அக்கா எழுதுவது.

முட்டியும் அப்படியே இருக்கிறது, லிப்டும் அப்படியே இருக்கிறது. இரண்டையும் பழுதுபார்க்க ஆள் வருவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பெரியவருக்குத் தொண்டை அடைத்திருக்கும், கார்புரேட்டரைக் கழற்றி ஊதிப் பார். அப்பா அப்படித்தான் செய்வார். குட்டியின் முத்தம் வந்து சேர்ந்தது.

நீ கேட்ட ஒரு வரியை என்னிடம் கேட்காதே. எங்கள் அறையில் நாலு டைப்ரைட்டர். ஓர் அறிக்கை வந்தால் பக்கங்களைச் சீட்டுக்கட்டு மாதிரி கலைத்து ஆளுக்குக் கொஞ்சமாகக் கொடுப்பார்கள், யாருக்கும் முழுக்கதை தெரியக் கூடாது என்று. அடித்து முடித்ததும் கார்பன் தாளை ப்யூன் வாங்கிப் போய்த் தகர டப்பாவில் போட்டுக் கொளுத்துவார். மதியம் சாப்பிடுகிறபோது நாங்கள் நாலு பேரும் வானிலையைப் பற்றித்தான் பேசுவோம், அதுவும் ஜாக்கிரதையாக. வேலைக்குச் சேர்ந்த அன்றைக்குக் கையைத் தூக்கிச் சத்தியம் செய்தவள் நான். என் சோறு அந்தச் சத்தியத்தில் இருக்கிறது.

படிவத்தில் ஓர் அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட வேண்டுமாம். எங்கள் அதிகாரி லீவில் இருக்கிறார். வந்ததும் போடுகிறேன்.

பெரியவரைக் கொடுப்பது என்று படித்ததும் எனக்கு மேட்டுத் தண்ணீர்த் தொட்டிதான் ஞாபகம் வந்தது. ரயிலடியிலிருந்து சவாரியை முடித்துக்கொண்டு திரும்பும்போது அப்பா அங்கே எஞ்சினை அணைத்துவிடுவாரே, அது. சத்தம் நின்று வண்டி இறக்கத்தில் தானாக உருளும்போது காற்று மட்டும் கேட்கும். இங்கே இத்தனை வாகனங்களுக்கு நடுவில் வாழ்ந்துகொண்டு அந்த அமைதிக்கு ஏங்குகிறேன், போ.

உடம்பைப் பார்த்துக்கொள். வரிசையில் நிற்கிறபோது தொப்பி போட்டுக்கொள்.

அக்கா

*

பிப்ரவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். கார்புரேட்டரை ஊதினேன். பெரியவரின் இருமல் குறைந்து எனக்கு வந்துவிட்டது.

ஒரு வரி வேண்டாம், விடு. சத்தியம் செய்தவளின் வாயைப் பிடுங்க நான் யார். ஆனால் கையெழுத்துக்கு என்ன ஆயிற்று? உங்கள் அதிகாரி லீவில் போனாரா, துறவு போனாரா?

அவசரத்துக்குக் காரணம் இருக்கிறது. ஷோரூமில் இப்போதைக்கு ஒரே ஒரு யானைதான். ஸ்டாண்டில் எனக்கு அடுத்து நிற்கிற மீசையை உனக்குத் தெரியுமே, ஆள் பின்னால் வருவான், மீசை முன்னால் வரும். அவனும் அதே யானைமேல் கண் வைத்திருக்கிறான், அவனுக்கும் ஜாமீன் காகிதம் இன்னும் வந்தபாடில்லை. யார் முதலில் காகிதத்தைக் கொண்டுவருகிறார்களோ அவர்களுக்கு என்று ஷோரூம்காரர் சொல்லிவிட்டார். மீசை தினமும் என்னைப் பார்த்து, "உங்கக்கா கையெழுத்து நடந்து வருதா, நீந்தி வருதா?" என்கிறான்.

அமைச்சர் ரேடியோவில் சிக்கனம் பற்றிப் பேசினார். எல்லோரும் ஒரே வண்டியில் சேர்ந்து போக வேண்டுமாம். அவரே இந்த ஊருக்கு வந்தபோது அவர் பின்னால் போன கார் வரிசை தொட்டியிலிருந்து ரயிலடி வரைக்கும் நீண்டது. ஆனாலும் அவர் பேச்சு எனக்குச் சாதகம்தான். எட்டுப் பேர் ஒரே வண்டியில், அதைத்தானே நானும் சொல்கிறேன்?

தண்ணீர்த் தொட்டிக் கதையைக் குட்டிக்கு வாசித்துக் காட்டினேன். "எஞ்சின் இல்லாம எப்படிப்பா போகும்?" என்று கேட்டாள். "பூமி இழுத்துக்கிட்டுப் போகும்" என்றேன். பூமிக்குக் கை எங்கே என்று தேடிக்கொண்டிருக்கிறாள்.

முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

உன் தம்பி

*

மார்ச் 8

என் தம்பிக்கு,

உன் இருமல் எப்படி? பெரியவருக்குச் செய்ததை உனக்கும் செய், வாயை மூடிக்கொண்டு ஓய்வெடு.

உன்னிடம் எப்படிச் சொல்வது, படிவத்தின்மேல் டீயைக் கொட்டிவிட்டேன். எழுத்தெல்லாம் ஊறிப்போயிற்று. இன்னொரு படிவம் வாங்கி அனுப்பு. அவசரப்படாமல் அனுப்பு.

குட்டிக்கு இதை வாசித்துக் காட்டு. தொட்டி வந்ததும் உங்கள் தாத்தா எஞ்சினை அணைப்பார், சாவியை உருவுவார், முன் ஸீட்டில் இருக்கும் என்னிடம் நீட்டுவார். "வெச்சுக்கோ." அதுதான் விளையாட்டின் சட்டம். வீட்டு வாசல் வரும் வரைக்கும் சாவி என் கையில்தான். நடுவில் வண்டி நின்றால் தோற்றோம். நானும் உன் அப்பாவும் முன்னால் குனிந்து உட்காருவோம், குனிந்தால் வண்டி வேகமாகப் போகும் என்று எங்களுக்கு நம்பிக்கை. மர அறுவை மில்லைத் தாண்டும்போது மரத்தூள் வாசனை வரும், சலவைக்கடையைத் தாண்டும்போது சூடான துணி வாசனை வரும். எஞ்சின் ஓடினால் அந்த வாசனை எதுவும் வராது, பெட்ரோல் வாசனைதான்.

ஒரு தடவை எங்கள் தெருப்பக்கம் வர வேண்டிய பள்ளிக்கூட ஆய்வாளர் பின்னால் இருந்தார். தொட்டியில் எஞ்சின் அணைந்ததும் அலறிவிட்டார். "என்னய்யா, வண்டி செத்துப்போச்சா?" "இல்லீங்க, தூங்குது. சத்தம் போடாதீங்க, முழிச்சுக்கும்." எங்கள் வீடு வரைக்கும் ஆய்வாளர் வாயைப் பொத்திக்கொண்டு வந்தார். தாத்தா திரும்பிப் பார்க்கவே இல்லை, ஆனால் அவர் தோள் குலுங்கிக்கொண்டே வந்தது எனக்குத் தெரியும்.

இன்னொரு தடவை முடிவெட்டும் கடை வாசலில் வண்டி நின்றேபோய்விட்டது. வீடு கூப்பிடு தூரம். உன் அப்பா என்னிடம் சாவியைக் கேட்டுக் கெஞ்சினான், கிள்ளினான், அழுதான். நான் தரவில்லை. தாத்தா இறங்கித் தள்ளிக்கொண்டே சொன்னார்: "இவகிட்ட ஒண்ணைக் கொடுத்தா கொடுத்ததுதான். கொன்னாலும் தர மாட்டா." அதைவிடப் பெரிய பாராட்டை இந்த வயது வரைக்கும் யாரும் எனக்குச் சொன்னதில்லை.

இங்கே மழை இல்லை, வெயில் இல்லை, சொல்லும்படி எதுவும் இல்லை.

அக்கா

*

மார்ச் 25

அக்காவுக்கு,

நலம். புதுப் படிவம் இருக்கிறது. டீ இல்லாத இடத்தில் வைத்துப் படி.

நான் முட்டாள் இல்லை. அதிகாரி லீவு, டீ கொட்டியது, அவசரப்படாமல் அனுப்பு! உனக்குப் பெரியவரைக் கொடுக்க மனம் இல்லை. அதை நேராகச் சொல்லேன். உனக்கு அவர் ஞாபகம், எனக்கு அவர் பிழைப்பு. நீ தலைநகரில் உட்கார்ந்துகொண்டு மரத்தூள் வாசனையை நினைத்து உருகலாம், சம்பளம் மாதம் பிறந்தால் வந்துவிடும். எனக்கு வாசனையை மோந்துகொண்டிருந்தால் அடுப்பு எரியாது. வாரத்தில் பாதி நாள் வெறும் வண்டியோடு வீட்டுக்கு வருகிறேன். அப்பாவின் காரை ஓட்டி அப்பாவின் பெயரையே கெடுக்கிறேன் என்று ஒரு கிராக்கி முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போனார், வாடகை அதிகமாம்.

பழைய கதை போதும். நான் கேட்டது உன் பெயர், அதுவும் ஒரே ஒரு இடத்தில். அதைக்கூடத் தராதவளை நான் அக்கா என்று கூப்பிடுவதில் என்ன அர்த்தம் இருக்கிறது என்று தெரியவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி

*

மே 4

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் தம்பி பொண்டாட்டி எழுதுகிறேன். நீங்கள் நலம்தானே? கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டதால் பயமாக இருக்கிறது. இங்கே உடம்பால் எல்லோரும் நலம்.

அவர் எழுத மாட்டேன் என்கிறார். "எழுதுனா மறுபடியும் ஒரு தொட்டிக் கதை வரும், அவ்வளவுதான்" என்கிறார். மூக்குக்கு மேல் கோபம். ஆனால் பெரியவரைக் கழுவும்போது முன் ஸீட்டைக் கடைசியில் தனியாகத் துடைக்கிறார். குட்டி கேட்டால் உங்கள் பழைய கடிதத்தை எடுத்து, அந்த ஆய்வாளர் கதையை, குரலை மாற்றி மாற்றி வாசிக்கிறார். வாசித்து முடித்ததும் மறுபடி கோபமாகிவிடுகிறார்.

போன வாரம் பங்க் வரிசையில் அவருக்கு முன்னால் நின்றவரோடு பெட்ரோல் தீர்ந்துவிட்டது. வண்டியை வீடு வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்தார்.

யானை வேண்டுமா வேண்டாமா என்பது எனக்குத் தெரியாது. "யானையைக் கட்டித் தீனி போட முடியுமா?" என்று நானே கேட்டுப் பார்த்தேன், முறைத்தார். நீங்கள் காரணம் இல்லாமல் எதையும் செய்கிறவர் இல்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும். காரணத்தைச் சொல்ல முடியாவிட்டால், இரண்டு வரி நலமாவது எழுதுங்கள். ஒரு காருக்காக அவருக்கு இருக்கிற ஒரே அக்கா இல்லாமல் போகக் கூடாது.

உங்கள் முட்டிவலிக்கு வேண்டிக்கொள்கிறேன்.

*

மே 15

தம்பிக்கு,

நலமாக இருக்கிறேன். கையெழுத்துப் போட்டு, அதிகாரி சாட்சி போட்டு, படிவம் உள்ளே இருக்கிறது. காகிதத்தில் ஒரு கறை இல்லை, பார்த்துக்கொள்.

ஒரே ஒரு ஆசை. பெரியவரை ஒப்படைப்பதற்கு முன்னால் குட்டியை முன் ஸீட்டில் உட்காரவைத்துத் தொட்டியிலிருந்து ஒரு தடவை இறங்கு. சாவியை அவள் கையில் கொடு. எனக்காகச் செய்.

உன் வீட்டுக்காரி நல்ல பெண். அவளைத் திட்டாதே, எழுதியதற்காகவும் சரி, எழுதாததற்காகவும் சரி.

நீ என்னை என்ன சொல்லிக் கூப்பிட்டாலும்,
அக்கா

*

ஜூன் 6

அக்காவுக்கு,

உயிரோடு இருக்கிறேன், அதுவே பெரிய நலம். நெற்றியில் ஒரு வீக்கம், அதுவும் வடிந்துவிட்டது.

உன் கையெழுத்து வந்த அன்றே படிவத்தை எடுத்துக்கொண்டு ஷோரூமுக்கு ஓடினேன். மீசையும் அவன் காகிதத்தோடு வாசலில் நின்றுகொண்டிருந்தான், நான்தான் முந்தினேன். ஷோரூம்காரர், "ஒரு தடவை ஓட்டிப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க" என்று பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். யானை நன்றாகத்தான் ஏறியது. தொட்டி வந்தது. அக்கா, நான் எதையும் நினைக்கவில்லை. என் கை தானாகப் போய் எஞ்சினை அணைத்தது. சாவியை உருவினேன். பக்கத்து ஸீட்டுக்கு நீட்டினேன். "வெச்சுக்கோக்கா" என்று வாய் சொல்லிவிட்டது.

அந்த மனிதரும் ஒன்றும் புரியாமல் வாங்கிக்கொண்டார்.

புதுக் கார்களில் சாவியை உருவினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளுமாம். திருடனுக்காகச் செய்தது. பெரியவருக்கு அந்தப் பழக்கம் இல்லை, அவரை எந்தத் திருடன் தொடப்போகிறான். ஸ்டியரிங் திரும்பவில்லை, பிரேக்கும் கல்லாகிவிட்டது. யானை நேராக அறுவை மில்லுக்குள் போய் மரத்தூள் குவியலில் துதிக்கையை நுழைத்துக்கொண்டு நின்றது. ஷோரூம்காரர் கையில் சாவியைப் பிடித்தபடியே, தலையெல்லாம் மரத்தூளோடு, "நான் எதுக்குய்யா இதை வெச்சுக்கணும்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

வண்டிக்குப் பெரிய அடி இல்லை. எனக்குத்தான். "உனக்கு வண்டி கிடையாது" என்று சொல்லி, தூசியைத் தட்டி, யானையை மீசைக்கே கொடுத்துவிட்டார். மீசை அதில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு எங்கள் தெருவில் இரண்டு தடவை போனான். ஸ்டாண்டில் இப்போது யார் யாருக்கு எதைக் கொடுத்தாலும் "வெச்சுக்கோக்கா" என்றுதான் கொடுக்கிறார்கள். டீக்கடையில் சில்லறைகூட அப்படித்தான் வருகிறது.

எல்லாம் உன்னால்தான். மண்டை முழுக்கத் தொட்டியையும் சாவியையும் எழுதி எழுதி நிரப்பிவிட்டாய். இனிமேல் எனக்குப் பழைய கதை எழுதாதே. எழுதுவதாக இருந்தால் இன்றைய கதையை எழுது.

தம்பி

*

ஜூலை 21

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? நிஜமாகவே கேட்கிறேன். உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை.

நேற்று ரேடியோவில் அறிவித்துவிட்டார்கள். வெளிநாட்டிலிருந்து கப்பல் வருவது பாதியாகிவிட்டதாம், நாடு முழுக்கப் புதிய எரிபொருள் கொள்கையாம். பெட்ரோல் விலை இரண்டு மடங்கு. இனிமேல் வாடகைக் கார் ஒவ்வொன்றுக்கும் மாதக் கூப்பன், பெரிய எஞ்சினுக்கும் சின்ன எஞ்சினுக்கும் ஒரே அளவு. டீக்கடையில் கேட்டுக்கொண்டிருந்தோம். மீசை எழுந்து போய் யானையின் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்துகொண்டான், எங்கேயும் போகவில்லை. அந்தக் கூப்பனைப் போட்டால் அவன் வண்டி ஒரு வாரம் ஓடும், மீதி நாளெல்லாம் நிற்கும். தவணை நிற்காது.

பெரியவருக்கு அதே கூப்பன் மாதம் முழுக்கத் தாராளமாக வரும். கொஞ்சம் குடித்து நிறைய நடக்கிறவர். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு என்று வீட்டுக்காரி சொன்னாள். ஊரே என்னை அதிர்ஷ்டக்காரன் என்கிறது.

வீட்டுக்கு வந்து உன் கடிதங்களை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உனக்குத் தெரியும். டீ கொட்டிய அன்றைக்கே தெரியும். உன்னை நான் என்ன என்னவோ எழுதிவிட்டேன், படிக்கப் படிக்க வெட்கமாக இருக்கிறது.

ஆனால் ஒன்று மட்டும் நெஞ்சை அறுக்கிறது, கேட்டுவிடுகிறேன். தெரிந்திருந்தும் மே மாதம் ஏன் கையெழுத்துப் போட்டாய்? நான் குழியில் விழுவேன் என்று தெரிந்தேதான் போட்டாயா?

குட்டி உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். பதில் போடு அக்கா.

உன் தம்பி

*

செப்டம்பர் 2

அன்புத் தம்பிக்கு,

நலம். முட்டி இப்போது பரவாயில்லை, ஏனென்றால் என்னைக் கீழ்த்தளத்துக்கு மாற்றிவிட்டார்கள். தபால் உறைகளுக்கு முத்திரை குத்தும் வேலை. குட்டியின் நெற்றியில் ஒன்று குத்தினால் நேராக இங்கே வந்துவிடுவாள்.

பதில் தாமதமானதற்குக் காரணம் இருக்கிறது. அறிவிப்புக்கு முன்பே இந்த நகரத்தில் யாரோ பீப்பாய் பீப்பாயாகப் பெட்ரோலைப் பதுக்கிவிட்டார்கள். விஷயம் எங்கள் அறையிலிருந்துதான் வெளியே போனது என்று சந்தேகம். நாலு பேரையும் விசாரித்தார்கள். எங்களுக்கு வரும் கடிதம், எங்களிடமிருந்து போகும் கடிதம் எல்லாவற்றையும் பல மாதமாகப் பிரித்துப் படித்துப் பிரதி எடுத்திருக்கிறார்கள். விசாரணை அதிகாரி என் முன்னால் ஒரு கட்டை வைத்தார். எல்லாம் நம் கடிதங்கள்.

"அம்மா, இந்தப் பெரியவர்ங்கறது எந்த அமைச்சர்?"

"கார் சார்."

"அப்போ பெரியவருக்கு இருமல்னா விலையேத்தம், அப்படித்தானே?"

"இல்ல சார். கார்புரேட்டர்."

"தொட்டிங்கறீங்க, இறக்கங்கறீங்க, சாவிங்கறீங்க. பழைய கதையை இவ்வளவு விவரமா யாரும் எழுத மாட்டாங்கம்மா."

அங்கேதான் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏன் எழுதினேன் என்று அவரிடம் சொன்னதை உனக்கும் சொல்கிறேன். நீ முதல் தடவை கேட்டபோது அதிகாரி லீவு என்றது நிஜம். பிப்ரவரியில் எனக்கு வந்த பக்கங்களில் ஒன்று வாடகைக் கார் பற்றியது. அதை அடிக்கும்போது விரல் தடுக்கித் தடுக்கி மூன்று தாள் வீணாயிற்று. அதன்பிறகு உனக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தால், இன்றைக்கு நடப்பது எதை எழுதினாலும் அந்தப் பக்கம் உள்ளே வந்து நின்றது. சாப்பிட்டேன் என்று எழுதினாலும் சந்தோஷமாகச் சாப்பிட்டேனா என்று நீ கேட்பாய். உன்னோடு பேச எனக்கு மிச்சம் இருந்தது பழைய காலம் மட்டும்தான். அங்கே எந்த ரகசியமும் இல்லை. அதனால் அங்கேயே போய் உட்கார்ந்துகொண்டேன். டீ கொட்டியது பொய். நான் அப்போது டீயே குடிக்கவில்லை.

மே மாதம் ஏன் போட்டேன்? கையெழுத்துப் போடாமல் இழுப்பதே ஒரு சொல்தான் என்று எனக்குப் புரிந்தது. வாயால் சொல்லாமல் கையால் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கத்தைப் படிக்காத அக்காவாக இருந்தால், தம்பி இவ்வளவு கேட்ட பிறகு போட்டிருப்பாள். அதனால் போட்டேன். உன்னையும் இழந்துவிடுவேனோ என்ற பயத்தினாலும் போட்டேன். எது முன்னால், எது பின்னால் என்று எனக்கே தெரியாது. போட்ட பிறகு நான் பட்ட பாட்டை எழுத எனக்குத் தமிழ் போதாது. நீ விழுவாய் என்று தெரிந்தேதான் போட்டேன், தம்பி. கேட்டாய், சொல்லிவிட்டேன்.

ஜூன் மாதம் நீ மரத்தூளில் விழுந்த கடிதத்தைப் படித்து, குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுச் சிரித்தேன், அழுதேன். பதில் எழுதினால் அந்தச் சந்தோஷம் தெரிந்துவிடும் என்றுதான் எழுதவில்லை. அதே கடிதத்தை விசாரணை அதிகாரி சத்தமாக வாசித்தார். "வெச்சுக்கோக்கா" என்ற இடத்தில் அவருக்கும் அடக்க முடியவில்லை, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "துப்பு கொடுத்த ஆளோட தம்பி இந்த வண்டியை வாங்கப் போய் இப்படி இடிக்க மாட்டான். நீங்க போங்கம்மா" என்றார். பதுக்கியது வேறு யாரோ, பிடித்துவிட்டார்கள். இருந்தாலும் சந்தேகப்பட்டவளை மறுபடி அந்த அறைக்குள் விட மாட்டார்கள், அது அவர்கள் சட்டம். எனக்கு வருத்தம் இல்லை. இனிமேல் வானிலையைப் பற்றித் தைரியமாகப் பேசலாம்.

மீசையை நினைத்தால்தான் ஆறவில்லை. அவனுக்கும் ஓர் அக்கா இருந்திருப்பாள், அவள் டைப் அடிக்கிறவள் இல்லை. அந்தப் பக்கத்தை அடித்த விரல் இதுதானே.

நிறைய லீவு மிச்சம் இருக்கிறது. இத்தனை வருஷம் எதற்குச் சேர்த்தேனோ தெரியவில்லை. இம்மாதம் இருபத்தெட்டாம் தேதி மாலை ரயிலில் வருகிறேன். கூப்பனை வீணாக்காதே, நான் நடந்தே வந்துவிடுவேன்.

அக்கா

*

செப்டம்பர் 14

என் அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம், பெரியவர் உட்பட. இருமல் போயே போய்விட்டது. வேலை அதிகமானதும் ஆள் இளமையாகிவிட்டார்.

உன் கடிதத்தை நான் படித்தேன், அப்புறம் வீட்டுக்காரி படித்தாள். மே மாதம் பற்றி இனி ஒரு வார்த்தை வேண்டாம். முடிவெட்டும் கடை வாசலில் நான் அழுதபோது நீ சாவியைத் தந்திருந்தால் எனக்கு அன்றைக்கு மட்டும்தான் சந்தோஷமாக இருந்திருக்கும். அப்பா தள்ளிக்கொண்டே சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. உன்னிடம் ஒன்றைக் கொடுத்தால் கொடுத்ததுதான். அதை நான் மறந்து, கிள்ளி, அழுது, மறுபடியும் அதே ஆட்டம் ஆடியிருக்கிறேன். இந்த வயதிலும்!

மீசையைப் பற்றிக் கவலைப்படாதே. ஒற்றைத் தேதியில் பெரியவரை நான் ஓட்டுகிறேன், இரட்டைத் தேதியில் அவன் ஓட்டுகிறான். யானை அவன் வீட்டு வாசலில் நிற்கிறது, பிள்ளைகள் அதற்குள் உட்கார்ந்து பாடம் படிக்கிறார்கள். அவன் கூப்பனும் என் கூப்பனும் சேர்ந்தால் கூட்டமாக வருகிறவர்களுக்கு வாரத்தில் ஒரு நாள் யானையையும் வெளியே எடுக்கலாம். ஏன் இப்படிச் செய்கிறாய் என்று ஸ்டாண்டில் கேட்டார்கள். எங்கள் வீட்டுப் பெரியவர் இரண்டு பேர் பெயரில்தான் ஓடிப் பழக்கம் என்றேன். தவணையை எண்ணி மீசை இன்னும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டுதான் இருக்கிறான். ஆனால் முதல் நாள் பெரியவர் சாவியை நீட்டினபோது, நான் வாயைத் திறக்கும் முன்பே அவன், "வெச்சுக்கோக்கா, அதானே?" என்று சிரித்துவிட்டான்.

இருபத்தெட்டு இரட்டைத் தேதி. மீசையிடம் பேசி மாற்றிக்கொண்டேன். ரயிலடிக்கு வருகிறேன், நடக்கிற பேச்சே வேண்டாம். முன் ஸீட் யாருக்கு என்று குட்டி இப்போதே சண்டையை ஆரம்பித்துவிட்டாள். "அத்தைக்குத்தான்" என்றேன், அத்தை மடியில் உட்காருவதாகச் சமாதானம் ஆயிற்று.

கூப்பன் வீணாகுமே என்று நினைக்காதே. பெட்ரோல் மேட்டை ஏறுவதற்கு மட்டும்தான். தொட்டியில் அணைத்துவிட்டுச் சாவியை உருவி உன்னிடம் நீட்டுவேன். வாங்கி வைத்துக்கொள். வீடு வரும் வரைக்கும் நான் எவ்வளவு கெஞ்சினாலும் தராதே.

உன் தம்பி